அத்தான் கடைக் கம்ப்யூட்டரும் என் சாவிக்கொத்தும்

போன ஜூனில் மழை பிடித்த இரண்டாவது வாரம் என் லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட ஆரம்பித்தது. மூன்றாம் நாள் சத்தம் நின்றது, டிஸ்க்கும் நின்றது. நாகர்கோவிலில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய பழைய லேப்டாப், நான்கு ஜிபி ராம், தமிழ்99-இல் 'க' வருகிற பட்டன் தேய்ந்து வெள்ளையாகிவிட்டது. அவ்வளவு உழைத்த மெஷினைக் குறை சொல்ல மனசு வரவில்லை.

புதிதாக ஒரு எஸ்எஸ்டி வாங்கி மாட்டினால் தீர்ந்தது என்று யாரும் சொல்வார்கள், வேறு ஒருவர் கேட்டால் நானும் அதையேதான் சொல்வேன். ஆனால் என் கதை கொஞ்சம் வேறு, முழு ஆபரேட்டிங் சிஸ்டத்தையும் ஒரு பென்டிரைவில் சுமந்து திரிந்த கதை. தக்கலையில் வீட்டு மாடியில் வைத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன், அது சாயங்காலம். பகலில் வாரத்துக்கு மூன்று நாள் மார்த்தாண்டத்தில் அத்தான் கடையில் உட்கார வேண்டும், ஹார்டுவேர் கடை, அவர் சாப்பிடப் போய்த் திரும்பி வரும்வரை பில் போடுவது என் பொறுப்பு. அப்புறம் வடசேரியில் டிடிபி கடை வைத்திருக்கும் நண்பன், வினாத்தாள் எல்லாம் அவனிடம்தான் பிரிண்ட். ஆக மூன்று இடம், மூன்று கம்ப்யூட்டர், அதில் இரண்டு என்னுடையது இல்லை.

வினாத்தாளை நான் லேடெக் என்ற அச்சுக்கோர்ப்பு மென்பொருளில் தயாரிக்கிறேன். பின்னம், தொகையீடு, அணி எல்லாம் அச்சுப்புத்தகம் மாதிரி வரும், வேறு எதில் அடித்தாலும் எனக்குத் திருப்தி வராது. அத்தானிடம் ஒரு முறை இதன் பெயரைச் சொன்னபோது, "ரப்பர் பாலா?" என்றார். அவர் கடையில் ரப்பர் பால் உறைய வைக்கும் ஆசிட் விற்கிறது, குலசேகரம் பக்கமிருந்து பால்வெட்டுக்காரர்கள் வந்து வாங்கிப் போகிறார்கள், அவருக்கு லேடெக்ஸ் என்றால் அது ஒன்றுதான். என் லேடெக்கோ முழுதாகப் போட்டால் பல ஜிபி, அதோடு தமிழ் எழுத்துருக்கள், தமிழ்99 செட்டிங், நானே வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்த மேக்ரோக்கள். இதையெல்லாம் பில் போடும் கம்ப்யூட்டரில் ஏற்றட்டுமா என்று கேட்டால் அத்தான் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும், அதனால் கேட்கவில்லை.

அப்படித்தான் பென்டிரைவிலேயே முழு ஆபரேட்டிங் சிஸ்டத்தையும் வைத்துக்கொள்ளும் யோசனை வந்தது. போகிற இடத்தில் இருக்கும் கம்ப்யூட்டரில் செருகி, எஃப்12 தட்டி, அதிலிருந்தே கம்ப்யூட்டரை எழுப்பினால், அதாவது பூட் செய்தால், திரை, கீபோர்டு, ராம், பிராசசர் எல்லாம் அவர்களுடையது, மற்றதெல்லாம் என்னுடையது. வேலை முடிந்து அணைத்து உருவிவிட்டால் அவர்களுடைய விண்டோஸ் தொட்ட சுவடே இல்லாமல் இருக்கும். இருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன்.

இது ஒன்றும் புது வித்தை இல்லை. ஜெர்மனியின் கிளவுஸ் நாப்பர் 2000-இல் நாப்பிக்ஸ் என்று சிடியிலிருந்தே ஓடும் லினக்ஸை (விண்டோஸ் மாதிரி இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டம், இலவசம்) விட்டார். ஆஸ்திரேலியாவின் பாரி காவ்லர் 2003-இல் தொடங்கிய பப்பி லினக்ஸ் மொத்தத்தையும் ராமுக்கே ஏற்றிக்கொள்ளும், பூட் ஆனதும் பென்டிரைவை உருவிவிடக்கூட முடியும். மைக்ரோசாஃப்டும் 2012-இல் விண்டோஸ் 8 என்டர்பிரைஸில் 'விண்டோஸ் டு கோ' என்று ஒன்றைக் கொடுத்தது, 2020-இல் விண்டோஸ் 10-இன் '2004' என்று எண்ணிட்ட பதிப்போடு அதை எடுத்துவிட்டது. ஆக இன்றைக்கு இந்த வேலைக்கு லினக்ஸ்தான் சுலபம். தமிழ்நாடு அரசின் இலவச லேப்டாப்பில் பாஸ் லினக்ஸைப் பார்த்த தலைமுறைக்கு இது ஒன்றும் பயமுறுத்தும் பெயரும் இல்லை.

முதலில் எல்லோரும் செய்கிற தப்பையே நானும் செய்தேன். மேசை இழுப்பில் கிடந்த 16 ஜிபி பென்டிரைவில் ஒரு லினக்ஸின் ஐஎஸ்ஓவை, அதாவது முழு சிடியும் ஒரே கோப்பாக இருப்பதை, எழுதி, அத்தான் கடையில் பூட் செய்து, ஆகா ஓடுகிறதே என்று பத்தாம் வகுப்பு முக்கோணவியல் வினாத்தாள் ஒன்றைப் பாதி அடித்துவிட்டு, ஷட் டவுன் செய்து, மறுநாள் திறந்தால் ஒன்றும் இல்லை. இருக்காது. அது லைவ் முறை. உள்ளே இருப்பது ஸ்க்வாஷ்எஃப்எஸ் என்று இறுக்கிச் சுருட்டிய, படிக்க மட்டும் முடிகிற ஒரே பெரிய கோப்பு. நாம் செய்யும் மாற்றமெல்லாம் அதன்மேல் ராமில் விரித்த ஒரு மெல்லிய துணியில் விழுகிறது, கரண்டை நிறுத்தினால் துணி போய்விடும். புதுசாக ஒரு லினக்ஸை முயன்று பார்க்கவும், பழுதான கம்ப்யூட்டரிலிருந்து கோப்புகளை மீட்கவும் இதுதான் அருமையான ஏற்பாடு. தினசரி வேலைக்கு ஆகாது.

சரி, அதற்கும் மருந்து இருக்கிறது, பெர்சிஸ்டன்ஸ் என்று சொல்வார்கள். அந்தத் துணியை ராமில் விரிக்காமல் பென்டிரைவிலேயே ஒரு கோப்பிலோ தனிப் பகுதியிலோ விரிப்பது. இப்போது மாற்றங்கள் நிற்கும். ஒரு மாதம் இதில் ஓட்டினேன். ஆனால் இதன் உள் கணக்கு புரிந்ததும் கசந்துவிட்டது. ஒரு மென்பொருளை அப்டேட் செய்தால் பழையது ஸ்க்வாஷ்எஃப்எஸ்ஸுக்குள் அப்படியே இருக்கும், புதியது துணியில் கூடுதலாக உட்காரும், பழையதை அழித்தாலும் ஒரு எம்பிகூட மிச்சமாகாது. அந்தப் பெர்சிஸ்டன்ஸ் கோப்பு இருப்பது ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பகுதி என்றால் 4 ஜிபிக்கு மேல் வளரவும் முடியாது. லினக்ஸின் மையமான கெர்னலைப் புதுப்பித்தால், அதை எழுப்பிவிடும் சின்ன நிரலான பூட் லோடர் பழைய கெர்னலைத்தான் வெளியில் உள்ள ஃபோல்டரிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கும், நாம் புதுப்பித்தது சும்மா உட்கார்ந்திருக்கும். எம்எக்ஸ் லினக்ஸ் மாதிரி சிலதில் எல்லா மாற்றங்களையும் சேர்த்து மறுபடி ஒரே ஸ்க்வாஷாகச் சுருட்டிக்கொள்ளும் வசதி உண்டு, ரீமாஸ்டர் என்பார்கள், அது உண்மையிலேயே நல்ல வேலைப்பாடு. எனக்கு அந்தப் பொறுமை இல்லை. லேடெக்கை ஏற்ற ஆரம்பித்த ஐந்தாவது நிமிடம் இடமில்லை என்று நின்றது, அத்தோடு விட்டுவிட்டேன்.

எனவே முழு இன்ஸ்டால். அதாவது பென்டிரைவை ஹார்ட் டிஸ்க் போலவே பாவித்து, இன்னொரு பென்டிரைவில் உள்ள இன்ஸ்டாலரிலிருந்து இதற்குள் சாதாரணமாக இன்ஸ்டால் செய்வது. 64 ஜிபி, யூஎஸ்பி 3, வாசிப்பு வேகம் விநாடிக்கு நூறு எம்பிக்கு மேல் என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருந்த ஒன்றை வாங்கினேன். அத்தான் கடையில் நெட் வேகம், நீல நிற யூஎஸ்பி 3 போர்ட்டும் இருக்கிறது, ஒரு புதன்கிழமை மத்தியானம் கடையில் ஆளில்லாத நேரம் உட்கார்ந்து இன்ஸ்டால் செய்தேன். எந்த டிஸ்க் என்று கேட்ட இடத்தில் மூன்று முறை சரிபார்த்து, 64 ஜிபி என்று இருப்பதையே தேர்ந்தெடுத்தேன். எல்லாம் சுபமாக முடிந்தது, என் டெஸ்க்டாப் வந்தது, அணைத்து, உருவி, பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அத்தான் போன்.

"லேய், கம்ப்யூட்டரு கறுப்பா நிக்கு. கிரப்புன்னு என்னமோ எழுதி ஒரு கோடு மின்னிட்டு இருக்கு. நேத்து நீதான இருந்தே?"

எனக்கு அந்த நொடியே விஷயம் விளங்கிவிட்டது, வயிற்றுக்குள் என்னமோ செய்தது. இன்ஸ்டாலர் என் கோப்புகளையெல்லாம் பென்டிரைவில்தான் எழுதியது, அதில் சந்தேகமில்லை. ஆனால் கிரப் என்ற பூட் லோடரை மட்டும், அந்தக் கம்ப்யூட்டரின் உள் டிஸ்கில் பூட் லோடர்களுக்கென்றே ஏற்கனவே இருந்த இஎஃப்ஐ பகுதியைப் பார்த்து, இது வசதியாக இருக்கிறதே என்று அங்கே கொண்டு வைத்துவிட்டது. மதர்போர்டின் பூட் பட்டியலில் முதல் பெயராக அதையே எழுதியும் விட்டது. நான் பென்டிரைவை உருவிக்கொண்டு போனதும் அந்த பூட் லோடர் தன் மீதிப் பாதியைத் தேடிக்கொண்டு அநாதையாக நின்றது. விண்டோஸுக்கு ஒரு கீறல்கூட இல்லை, வாசலில்தான் ஆள் மாறி நிற்கிறான்.

"அத்தான், ஒண்ணும் ஆகல. இ, எக்ஸ், ஐ, டி, நாலு எழுத்து அடிச்சு என்டர் தட்டுங்க."

தட்டினார். எக்ஸிட் என்றதும் மதர்போர்டு பட்டியலின் அடுத்த பெயருக்குப் போகும், அடுத்த பெயர் விண்டோஸ். வந்துவிட்டது. ஆனால் தினமும் காலையில் கடை திறந்து சாம்பிராணி போட்டுவிட்டு நாலு எழுத்து அடிக்க அவர் தயாராக இல்லை, நியாயம்தான். மத்தியானம் போய் லைவ் பென்டிரைவில் பூட் செய்து, உள் டிஸ்கின் இஎஃப்ஐ பகுதியில் என் இன்ஸ்டாலர் போட்டிருந்த ஃபோல்டரை மட்டும் அழித்து, இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் என்ற கட்டளையால் பட்டியலில் இருந்த பெயரையும் நீக்கினேன். அக்கா சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டு வந்து வைத்துவிட்டு, "இனி இதைத் தொடுவியா?" என்றாள். அத்தான் எதுவும் சொல்லவில்லை, அது இன்னும் மோசம்.

இந்த ஒன்றை மட்டும் இதைப் படிப்பவர்கள் நினைவில் வைத்தால் போதும்: பென்டிரைவில் இன்ஸ்டால் செய்யும்போது அந்தக் கம்ப்யூட்டரின் உள் டிஸ்க் கண்ணில் படவே கூடாது. முடிந்தால் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் பயாஸில், அதாவது மதர்போர்டின் செட்டிங்கில், அணைத்துவிடுங்கள். என் வீட்டு லேப்டாப்பில் டிஸ்க் செத்துக் கிடந்தது எவ்வளவு பெரிய வசதி என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அந்தச் செத்த டிஸ்கை வெளியே எடுத்துவிட்டு, இரண்டாம் முறை வீட்டில் வைத்துச் செய்தேன். இப்போது இன்ஸ்டாலருக்கு வேறு போக்கிடமே இல்லை.

இரண்டாம் முறை டெபியன் என்ற லினக்ஸ். 12-ஆம் பதிப்பிலிருந்து வைஃபைக்கும் மற்றதுக்கும் வேண்டிய, மூலநிரல் வெளியில் தராத ஃபர்ம்வேர்கள் (சிப்புகளை இயக்கும் நிரல்கள்) அதிகாரபூர்வ இன்ஸ்டாலரிலேயே சேர்ந்து வருகின்றன, ஊரான் வீட்டுக் கம்ப்யூட்டர்களில் ஓட வேண்டிய பென்டிரைவுக்கு இது ரொம்ப முக்கியம், எந்தக் கடையில் எந்த வைஃபை சிப் இருக்கும் என்று யார் கண்டார்கள். எக்ஸ்பர்ட் முறையில் இன்ஸ்டால் செய்தால் இரண்டு நல்ல கேள்விகள் கேட்கும். ஒன்று, பூட் ஆகும்போது முதலில் ராமில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சின்ன மூட்டையில் எல்லா டிரைவர்களையும் சேர்க்கவா, இந்த மெஷினுக்கு வேண்டியதை மட்டுமா என்பது. எல்லாம் என்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் வீட்டில் ஓடுவது கடையில் பாதி பூட்டில் நிற்கும். இன்னொன்று, கிரப்பைக் கழற்றி மாற்றும் டிஸ்குகளுக்கான பொதுப் பாதையிலும் வைக்கவா என்பது. ஆமாம் என்றால் அது இஎஃப்ஐ பகுதிக்குள் பூட் என்ற ஃபோல்டரில் பூட்எக்ஸ்64 என்ற பெயரில் உட்காரும். யூஇஎஃப்ஐ என்ற புதுவகை பயாஸ் உள்ள எந்தக் கம்ப்யூட்டரும் முன்பின் தெரியாத ஒரு பென்டிரைவைச் செருகினால் முதலில் தேடுவது அந்தப் பெயரைத்தான். டிஸ்கின் அடையாளம் யூயூஐடி என்ற மாறாத எண்ணில்தான் இருக்க வேண்டும், எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் மெஷினுக்கு மெஷின் மாறும், ஆனால் அதை இன்ஸ்டாலர்களே இப்போது பார்த்துக்கொள்கின்றன. அப்புறம் லக்ஸ் என்கிற என்கிரிப்ஷன். சாவிக்கொத்தில் தொங்குகிற பொருள் என்றைக்காவது ஒரு நாள் பஸ்ஸில் விழத்தான் செய்யும், அதில் பிள்ளைகளின் மார்க்கும் பெற்றோர் போன் நம்பரும் இருக்கிறது.

பூட் ஆயிற்று, எங்கு போனாலும் ஓடியது. ஆனால் என்ன ஒரு மெதுவு! பிரவுசரைத் திறந்தால் ஒரு சாயா குடித்து வரலாம். அட்டையில் போட்ட நூறு எம்பி எங்கே போனது? அது பொய் இல்லை, அது வேறு வேலையின் வேகம். தோவாளை பூச்சந்தையில் ஒரு மூட்டைப் பிச்சிப்பூவை அப்படியே லோடு ஆட்டோவில் தூக்கிப் போட ஒரு நிமிடம் போதும். அதே பூவை முழம் முழமாக அளந்து நூறு பேருக்குக் கொடுக்க அரை நாள் ஆகும். சினிமா ஒன்றைக் காப்பி செய்வது மூட்டை. ஆபரேட்டிங் சிஸ்டம் செய்வதெல்லாம் முழக்கணக்கு, 4 கேபி இங்கே, 4 கேபி அங்கே, லாக் ஒரு வரி, பிரவுசர் கேஷ் ஒரு துணுக்கு. ஃபிளாஷ் நினைவகத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு: எழுதிய இடத்தின்மேல் நேரடியாகத் திருப்பி எழுத முடியாது, ஒரு பெரிய கட்டத்தை மொத்தமாக அழித்துத்தான் மறுபடி எழுத முடியும். அதாவது ஒரு முழத்தை மாற்ற ஒரு கூடையையே கவிழ்க்க வேண்டும். நல்ல எஸ்எஸ்டிக்குள் இருக்கும் கன்ட்ரோலர் இதைச் சாமர்த்தியமாகச் சமாளிக்கும், சாதாரண பென்டிரைவின் கன்ட்ரோலருக்கு அந்த அறிவு கிடையாது. என்னுடையதில் 4 கேபி எழுத்துகளை அளந்து பார்த்தேன், விநாடிக்கு ஒரு எம்பிகூட வரவில்லை. யூஎஸ்பி 2-இன் விநாடிக்கு 480 மெகாபிட்டா, யூஎஸ்பி 3-இன் 5 கிகாபிட்டா என்பதெல்லாம் இந்த இடத்தில் பேச்சே இல்லை, பாதை அகலமாகத்தான் இருக்கிறது, வண்டிதான் நகரவில்லை.

எழுத்தைக் குறைக்க வழிகள் உண்டு, ஒவ்வொன்றாகச் செய்தேன், நிஜமாகவே பலன் தெரிந்தது. எஃப்எஸ்டேப் என்ற செட்டிங் கோப்பில் நோஏடைம் போட்டால் ஒரு கோப்பைப் படித்ததற்கெல்லாம் நேரம் குறித்துக்கொண்டிருக்காது. டெம்ப் ஃபோல்டரை ராமில் வைத்தேன். ராம் நிறைந்தால் டிஸ்கில் இறக்கி வைக்கும் ஸ்வாப்பை எடுத்துவிட்டு இசட்ராம் போட்டேன், அது ராமுக்குள்ளேயே சுருக்கி வைத்துக்கொள்ளும், டிஸ்க்கைத் தொடாது. பிரவுசரின் டிஸ்க் கேஷை நிறுத்தினேன். அப்டேட் வாரம் ஒரு முறை, ராத்திரி, வீட்டில் மட்டும்.

நாலைந்து மாதம் இப்படி. பிறகு அந்த 64 ஜிபி பென்டிரைவ், அதுவும் அரையாண்டுத் தேர்வு நெருங்கிய வாரத்தில், எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டது. எந்த எச்சரிக்கையும் இல்லை. படிக்க முடிந்தது, எழுத முடியவில்லை. ஃபிளாஷ் டிரைவுகள் சாகும்போது பல நேரம் இப்படித்தான் படிக்க மட்டும் என்ற நிலைக்குப் போய் நிற்கும், அது ஒரு வகையில் புண்ணியம், கோப்புகளை வெளியே எடுத்துவிட்டேன். எடுத்து முடித்ததும்தான் மூச்சு வந்தது. இப்போது இருப்பது பென்டிரைவ் உருவத்திலேயே உள்ளே எஸ்எஸ்டி கன்ட்ரோலர் வைத்த வகை. விலை ஜாஸ்தி, கையில் பிடித்தால் சுடுகிறது, ஆனால் பிரவுசர் உடனே திறக்கிறது. நேராக இதையே வாங்கியிருக்கலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள், சொல்லட்டும். காசு இல்லையென்றால் பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய சாட்டா எஸ்எஸ்டியை ஒரு யூஎஸ்பி பெட்டிக்குள் போட்டாலும் இதே சுகம், சாவிக்கொத்தில் தொங்காது, அவ்வளவுதான்.

வாங்கும்போது ஒன்று. 512 ஜிபி என்று சல்லிசாகக் கிடைப்பதில் பலவற்றின் உள்ளே 16 ஜிபி மாதிரி கொஞ்சம்தான் இருக்கும், 512 என்று பொய் சொல்லும்படி கன்ட்ரோலரைத் திருத்தியிருப்பார்கள். லினக்ஸில் எஃப்3, விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற கருவிகள் முழுக்க எழுதித் திரும்பப் படித்துக் குட்டை உடைத்துவிடும். அதை ஓட்டிப் பார்க்காமல் இன்ஸ்டால் செய்யாதீர்கள்.

இதற்கிடையில் அத்தானுக்கு இரண்டாவது சங்கடம் வந்தது, முதல் சங்கடத்தை அவர் மறந்துவரும் நேரத்தில். காலை ஒன்பதரைக்கு பெயின்ட் வாங்கியவர் பில்லைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கடை விடியக்காலம் நாலு மணிக்கே திறந்தாச்சா?" என்று கேட்டிருக்கிறார். பில்லில் 4:00 என்று அச்சாகியிருக்கிறது. சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால். இந்த ஐந்தரையைப் பார்த்ததுமே தெரிந்திருக்க வேண்டும். மதர்போர்டில் உள்ள கடிகாரத்தில் விண்டோஸ் நம்முடைய நேரத்தையே எழுதி வைக்கும், லினக்ஸ் உலகப் பொது நேரத்தை, அதாவது நம்முடையதைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால் உள்ளதை, எழுதி வைக்கும். என் பென்டிரைவ் பூட் ஆனதும் நெட்டில் நேரம் பார்த்து, கடிகாரத்தைத் தன் வழக்கப்படி திருத்திவிட்டுப் போகிறது, பின்னால் வரும் விண்டோஸ் அதை இந்திய நேரம் என்று நம்புகிறது. ஆக 'தொட்ட சுவடே இல்லாமல்' என்று நான் சொன்னது இங்கேயும் பொய்த்தது. டைம்டேட்சிடிஎல் கட்டளையில் உள்ளூர் நேரத்தையே கடிகாரத்தில் வை என்று ஒரு முறை சொன்னால் போதும். அதற்குள் மூன்று நாள் பில் அதிகாலையில் போட்டதாகப் பதிவாகிவிட்டது.

வேறு சில சின்ன விஷயங்களும் உண்டு. கடை டெஸ்க்டாப்பின் முன்பக்க போர்ட் லூஸ். அதில் செருகி வேலை செய்துகொண்டிருந்தபோது முழங்கால் பட்டு பென்டிரைவ் ஒரு நொடி ஆடியது. திரை அப்படியே இருந்தது, மவுஸ் நகர்ந்தது, மூலையில் கடிகாரம்கூட ஓடியது, ஆனால் எதைத் திறந்தாலும் இன்புட் அவுட்புட் பிழை. வீட்டில் விளக்கு எரிகிறது, கூப்பிட்டால் ஆள் இல்லை, அந்த மாதிரி. பவர் பட்டனை அழுத்தி அணைப்பதைத் தவிர வழியில்லை. அன்றிலிருந்து பின்பக்க போர்ட்தான். அங்கேயும் வயர்லெஸ் மவுஸின் குட்டி ரிசீவருக்குப் பக்கத்தில் செருகக் கூடாது, யூஎஸ்பி 3 வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும், மவுஸ் வெட்டி வெட்டி ஓடும். நான் அதை மவுஸ் கோளாறு என்று நினைத்து இரண்டு பேட்டரி மாற்றினேன்.

கரண்ட் போவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எங்கள் மாவட்டத்துக்கு ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை, இடி இடித்தால் கரண்ட் போவது வழக்கம். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்துப் பல நாள் இருட்டில் கிடந்த பிறகு அத்தான் ஒரு யூபிஎஸ் வாங்கினார், அதன் பேட்டரி இப்போது உப்பிப்போய் உட்கார்ந்திருக்கிறது. எக்ஸ்ட்4 என்ற ஃபைல் சிஸ்டம் ஜர்னல், அதாவது மாற்றங்களுக்கு ஒரு குறிப்பேடு, வைத்திருப்பதால் திடீரென அணைந்தாலும் பெரும்பாலும் தானே சரிசெய்துகொண்டு எழும். ஆனால் அப்டேட் நடுவில் போனால் அதற்கு யாரும் பொறுப்பில்லை. அதனால்தான் அப்டேட்டை பேட்டரி உள்ள லேப்டாப்பில் வைத்துக்கொண்டேன்.

புது லேப்டாப்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பென்டிரைவ் பூட் ஆகவில்லை என்று பயாஸில் போய் செக்யூர் பூட்டை (கையெழுத்திட்ட பூட் லோடரை மட்டும் விடும் காவல்) அணைக்கும் முன், அந்த விண்டோஸில் பிட்லாக்கர் என்ற டிஸ்க் என்கிரிப்ஷன் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அடுத்த முறை 48 இலக்க மீட்புச் சாவி கேட்டு நிற்கும், அது எங்கே இருக்கிறது என்று உரிமையாளருக்கே தெரியாது. டெபியன், உபுண்டு எல்லாம் செக்யூர் பூட் இருந்தாலும் ஏறும், அணைக்கவே தேவையில்லை. இன்னொன்று, ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸில் இந்த பென்டிரைவைச் செருகினால் அதற்கு லினக்ஸ் பகுதி புரியாமல், ஃபார்மேட் செய்யட்டுமா என்று சில நேரம் கேட்கும். வடசேரி நண்பனின் கடைப் பையன் ஒரு நாள் ஆமாம் என்று தட்டப் போனான், நான் கத்திய கத்தில் வெளியே நின்றவர் திரும்பிப் பார்த்தார். இப்போது அவனே, "சார், இது தொடக்கூடாத பென்டிரைவு" என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறான். அந்தக் கடையில் நான் பூட் செய்வது கடைசி நேரப் பிழை திருத்தத்துக்கு மட்டும்தான், பிரிண்டுக்கு பிடிஎஃப் போதும்.

2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்றதும், விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏறாத, எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் மெஷின்களை வைத்திருக்கும் இரண்டு மூன்று பேர் என்னிடம் இதைக் கேட்டார்கள், லேப்டாப்பைத் தூக்கிப் போடாமல் பென்டிரைவிலேயே ஓட்டலாமா என்று. அவர்களிடம் நான் சொன்னது, மெஷின் ஒன்றுதான், அதுவும் உங்களுடையதுதான் என்றால் பென்டிரைவ் எதற்கு, உள்ளேயே லினக்ஸ் போடுங்கள். இது என்னை மாதிரி ஊர் மெஷின்களில் குந்தி வேலை செய்கிறவர்களுக்கு.

பென்டிரைவின் முழு நகல் ஒன்று வீட்டில் அரிசி டப்பாவுக்குப் பக்கத்து அலமாரியில் இருக்கிறது, மாதம் ஒரு முறை ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கட்டளையை ஓட்டுகிறேன். இந்த மாதம் இன்னும் ஓட்டவில்லை.

அத்தான் கடையில் பின்பக்கம் மேசைக்கு அடியில் ஒரே இருட்டு, எது நல்ல போர்ட் என்று ஒவ்வொரு முறையும் மொபைல் லைட் அடித்துக் குனிந்து தேடிக்கொண்டிருந்தேன். போன வாரம் போனபோது டெஸ்க்டாப்பின் மேல்மூடி ஓரத்தில், அந்தப் போர்ட்டுக்கு நேர் மேலே, அக்கா தன் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டி வைத்திருக்கிறாள். மெரூன் கலர், நடுவில் கல் வைத்தது.